ஆறாவது ஆளுக்கு இடமில்லை

பி.காம். முடித்த கையோடு நான் வேலைக்குப் போன இடம் புதுச்சேரி டவுனில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடை. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். எங்கள் ஊர் மூலக்குளம் தாண்டி, வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். கடை முதலாளிக்கு எங்கள் ஊரில் நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர் என் அப்பா. "பொண்ணு கம்ப்யூட்டர்லாம் படிச்சிருக்குது, எதனா வேல போட்டுக் குடுங்கய்யா" என்று அவர் ஒருநாள் கேட்டிருக்கிறார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். அப்பா அதை ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

என் வேலை, கம்பெனிகளிலிருந்து வந்து இறங்கும் மருந்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதி மாதம். எனக்கென்று ஜன்னலோரம் ஒரு மேசையும், மற்றவர்களுடையதைவிடப் பழைய ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள். முதல் நாள் காலை நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து சாஃப்ட்வேரைத் திறந்தேன். திறக்கவில்லை. உள்ளே இருக்க வேண்டியவர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள், பிறகு முயற்சி செய்யவும் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

பில் போடும் அக்காதான் எனக்கு விளக்கினார். முதலாளியின் அறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரின் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு ஊதா நிறச் சாவி செருகியிருந்தது. சாவி என்றுதான் எல்லாரும் சொல்வோம், பார்க்கப் பென் டிரைவ் மாதிரியே இருக்கும். ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரலாம் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. எந்த ஐந்து பேர் என்று அதற்கு அக்கறை இல்லை. முதலில் வந்த ஐந்து பேரை விடும், அடுத்த ஆளை வாசலிலேயே நிறுத்திவிடும். யாராவது வெளியேறினால்தான் இடம் காலியாகும். கரண்ட் போய் ஒரு கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துவிட்டால், அந்த ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பிடித்தே வைத்திருக்கும்.

ஆட்களை எண்ணினால் என்னையும் சேர்த்து ஐந்து பேர்தான். முதலாளி, கணக்குப் பார்க்கும் சார், குடோன் அண்ணன், பில் போடும் அக்கா, நான். ஆனால் சாவி ஆட்களை எண்ணவில்லை, திறந்திருக்கும் ஜன்னல்களை எண்ணியது. அக்கா ஒன்றில் பில் போடுவார், இன்னொன்றில் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். அவருக்கு இரண்டு இடம். முதலாளி காலையில் திறந்து நேற்றைய விற்பனையைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார், சாயங்காலம் வரை அவர் இடமும் பிடித்தபடியே இருக்கும். ஆக நான் ஆறாவது.

"அக்கா, ஒண்ண கொஞ்சம் மூடுறீங்களா? கம்பெனி பில்லு பத்து ஏத்தாம நிக்குது."

"இரும்மா, ஆள் நிக்கிறான் பாரு. இவன அனுப்பிட்டு மூடுறேன்."

அந்த ஆள் போனால் அடுத்த ஆள் வருவான். அக்கா நல்லவர்தான், மறந்துவிடுவார். இரண்டாம் முறை கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும். முதலாளியிடம் "உங்களுத மூடுங்க" என்று எப்படிச் சொல்வது? அவர் வெளியே போகும் சமயம் பார்த்து அறைக்குள் போய், யார் யார் இடம் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் சின்னக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நேரத்தில் திறக்காத திரையின் முன்னால் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்ப்பது கன்னத்தில் உறைக்கும். சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைப்பார்களோ என்று, வெறும் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டுகூட இருந்திருக்கிறேன்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருவார்கள். எனக்கு பஸ் பிடித்துப் போய் வர நேரம் போதாது, டிபன் பாக்ஸோடு அங்கேயே இருந்துவிடுவேன். அந்த மூன்று மணி நேரமும் முதலாளியுடையதைத் தவிர மற்ற நாலு இடமும் காலி. முழு நாள் வேலையையும் அதற்குள் முடித்துவிடுவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஃபேன் சத்தத்தில் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும்போது மட்டும் நான் அந்தக் கடையின் ஆள் என்று தோன்றும்.

அப்படி ஒரு மதியம் முதலாளியின் அண்ணன் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா, அதனால் கடையில் எல்லாரும் அவரை சொல்தா ஐயா என்போம். பிள்ளைகள் எல்லாம் பாரிஸில். குனிந்து ஷட்டருக்குள் நுழைந்து, "சாப்டியா மா?" என்று கேட்டுவிட்டு நேரே தம்பியின் அறைக்குள் போனார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் திரை நின்றுபோனது. திரும்பத் திறந்தால் திறக்கவில்லை. எனக்கு அது புதிதில்லையே, என்ன வரி வந்தது என்றுகூடப் படிக்கவில்லை. சாவி ஏதோ கணக்கைத் தப்பாக வைத்திருக்கிறது போல என்று நினைத்து, டிபன் பாக்ஸைக் கழுவப் பின்பக்கம் போய்விட்டேன்.

நாலு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். ஒருவருக்கும் திறக்கவில்லை. வழக்கமான வரி இல்லை, சாவியைக் காணவில்லை என்று வந்தது. முதலாளி அறைக்குள் போய்க் குனிந்து பார்த்தார். பெரிய கம்ப்யூட்டரின் பின்னால் ஒன்றுமே இல்லை.

சாஃப்ட்வேர்காரனுக்குப் போன் போட்டார்கள். அவன் சொன்னது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "சாவி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது சார். கெட்டுப்போனா பழச வாங்கிட்டு மாத்திக் குடுப்பாங்க. தொலைஞ்சா தொலைஞ்சதுதான். அஞ்சு லைசென்ஸும் அதுக்குள்ளதான் சார் இருக்கு. முழுசா புதுசு வாங்கணும்."

முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் மற்றவர்களும் பார்த்தார்கள்.

"மதியம் யார் இருந்தா?"

"நான்தாங்கய்யா."

"கம்ப்யூட்டர் நின்னது தெரியுமா உனக்கு?"

"நின்னுதுங்க. எனக்கு எப்பவும் அப்படித்தான் ஆவும்னு..."

"என் ரூமுக்குள்ள இவ அடிக்கடி போவாளா?" என்று கணக்கு சாரிடம் கேட்டார். கணக்கு சார் பொய் சொல்லவில்லை. போவாள் என்றார். தனக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று அவளுக்குக் குறை இருக்கிறது என்றும் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

அவர் அண்ணனைப் பற்றிச் சொல்லலாமா என்று தயங்கினேன். ஆனாலும் சொன்னேன். "சொல்தா ஐயா வந்தாங்கய்யா. உள்ள போயிட்டு வந்தாங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"என்னா? எங்க அண்ணன் எடுத்தாருன்னு சொல்றியா? அவருக்கு எதுக்கு அது? எங்க அண்ணன திருடன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டியா நீ?"

நான் அப்படிச் சொல்லவில்லை.

என் பையைப் பார்க்கச் சொன்னார். பில் போடும் அக்காவைத்தான் சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கி, கவுன்டர் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஈரமான டிபன் பாக்ஸ், பஸ் பாஸ், சீப்பு, பவுடர் டப்பா. அடியில் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். அக்கா அதைத் தொட்டதும் புரிந்துகொண்டு திரும்ப உள்ளேயே வைத்தார்.

"அது என்னா? அத ஏன் வைக்கற? பிரி."

"அது பொம்பளைங்க சமாச்சாரம்ணே."

அவ்வளவுதான். குடோன் அண்ணன் திரும்பி ரேக்கைப் பார்த்துக்கொண்டார். கணக்கு சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்து வாங்க வந்து நின்ற ஒரு கடைக்காரர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எனக்கு வயிற்று வலி. காலையிலிருந்து யாருக்கும் தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடியில் அது கடை முழுக்கத் தெரிந்தது. பொருள்களை நானே திரும்பப் பைக்குள் போட்டேன். சீப்பு கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அழுகை வரவில்லை, முகம் மட்டும் சுட்டது.

முதலாளி எங்கள் ஊர் டீக்கடைக்குப் போன் செய்து அப்பாவை வரச் சொன்னார். இருட்டுவதற்குள் அப்பா டி.வி.எஸ்.ஸில் வந்துவிட்டார். வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். என்ன நடந்தது என்று முதலாளி சொல்லி முடிப்பதற்குள்ளேயே அப்பா பேச ஆரம்பித்துவிட்டார்.

"சின்னப் புள்ளைங்கய்யா. வெவரம் தெரியாம எதனா பண்ணியிருப்பா. மனசுல வச்சிக்காதீங்க. நான் கேட்டு வாங்கித் தரேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க வச்சிருக்கன்னு சொல்லிடும்மா."

எடுத்தாயா என்று கேட்கவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டார்.

பையைக் கொட்டியபோது எனக்கு வந்த வெட்கம் வேறு, இது வேறு. இது எலும்புக்குள் போனது. அப்பாவின் குனிந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. அவர் சேற்றுக்கால் பளிங்குத் தரையில் விட்ட தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீக்கிரம் அவர் இங்கிருந்து போய்விட்டால் போதும் என்று இருந்தது. அப்படி நினைத்ததற்கும் அங்கேயே வெட்கப்பட்டேன்.

காலைக்குள் சாவி வர வேண்டும் என்று சொல்லி முதலாளி எங்களை அனுப்பிவிட்டார். மூலக்குளம் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்ததும் அப்பாவின் முதுகிடம் சொன்னேன்.

"நான் எடுக்கலப்பா."

"சரி."

"நெசமா எடுக்கல."

வண்டி கொஞ்ச தூரம் போனது. "எடுக்கலன்னாலும் மன்னிப்பு கேக்கறது நாமதாம்மா. நெலம் அவங்களது" என்றார்.

மறுநாள் நான் போகமாட்டேன் என்றேன். "போவலன்னா நீதான் எடுத்தன்னு ஆயிடும்" என்று சொல்லி அப்பாவே கொண்டுவந்து விட்டார். கடைக்குள் யாருக்கும் வேலை இல்லை. அக்கா கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். நான் என் மேசையில் உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் பேசவில்லை.

பதினோரு மணி வாக்கில் சொல்தா ஐயா வந்தார். நுழையும்போதே கோபம்.

"என்னடா குடுத்த நீ? போட்டோ கடைக்காரன் இதுல ஒண்ணுமே இல்லன்றான். பேத்தி போட்டோல்லாம் எங்க?"

ஊதா நிறச் சாவியைக் கவுன்டர் மேல் வைத்தார்.

முந்தின வாரம் பாரிஸிலிருந்து அவர் மகள் ஒரு பென் டிரைவில் போட்டோக்கள் அனுப்பியிருந்தாள். தம்பி பார்க்க வேண்டும் என்று அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "கம்ப்யூட்டர்லதான் இருக்கு, வந்து எடுத்துக்க" என்று தம்பி போனில் சொல்ல, வந்து கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முதலாளி அதற்கு முன்பே பென் டிரைவைக் கழற்றித் தன் மேசை டிராயரில் போட்டதையும், அண்ணனை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னதையும் மறந்துவிட்டார். டிராயரைத் திறந்ததும் கிடந்தது.

"அட, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதே! பர்தோன், பர்தோன்" என்று சொல்தா ஐயா சிரித்தார். முதலாளியும் சிரித்தார். கணக்கு சார் சிரித்தார். அப்பா கேட்டதை விட்டால், அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே மன்னிப்பு அதுதான், அதுவும் தம்பியிடம். முந்தின நாள் நடந்தது எதுவும் அந்தப் பெரியவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. சாவியைச் செருகினார்கள். எல்லாரும் அவசரமாகத் தங்கள் தங்கள் இடத்தைப் பிடித்தார்கள். எனக்கு வழக்கமான வரி வந்தது.

அக்கா மட்டும் மெல்ல எழுந்து வந்து, நான் எடுக்காமல் விட்ட சீப்பை என் மேசையில் வைத்தார். "ஒண்ண மூடிட்டேன். நீ போடு" என்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் சாஃப்ட்வேர்காரன் வந்து சாவிக்குள் இருந்த கணக்கை ஐந்திலிருந்து ஆறாக மாற்றிக் கொடுத்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீ யார்கிட்டயும் கேக்க வேணாம்" என்றார். நான் "சரிங்கய்யா" என்றேன். இன்னும் ஒன்றரை வருடம் அங்கேயே வேலை செய்தேன். மதியத்தில் மட்டும் உள்ளே இருக்கமாட்டேன். ஷட்டரை முழுசாக இறக்கச் சொல்லிவிட்டு, கடற்கரையில் எங்காவது நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

சாவி கிடைத்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வாளியைக் கீழே வைக்காமல் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீ எடுக்கல" என்றார்.

"அதான் சொன்னேனே."

அப்பா வாளியை மாட்டின் பக்கம் நகர்த்தினார். மாடு குடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றிருந்தார். அதற்குப் பிறகு என்னை டவுனில் கொண்டுவந்து விடும் நாட்களில் கடை வாசல் வரை வராமல் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிடுவார். நான் இறங்கி, "வரேன்பா" என்று சொல்வேன். "ம்" என்பார், முகம் வேறு பக்கம் இருக்கும். நான் கடைக்குள் நுழையும் வரை வண்டி கிளம்பும் சத்தம் கேட்காது.