மனநல ஆஸ்பத்திரிக்காரனுக்கு வந்த படபடப்பு

மனநல ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவனுக்குக் கல்யாண வீட்டுல ஒரு சௌகரியம் உண்டு: பந்தியில தெரிஞ்சவங்க யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க, கையை நல்லா அகட்டிச் சாப்பிடலாம்.

பதினாலு வருஷமா சிவகாசியில ஒரு மனநல டாக்டரம்மாகிட்ட இருக்கேன். டோக்கன் கொடுக்குறது, வந்தவங்ககிட்டக் கதை கேட்டு எழுதுறது, மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு கெஞ்சுறது, ஊர் ஊராப் போயி "மனநோய் வெக்கப்படுற விஷயம் இல்லை"ன்னு மைக்குல பேசுறது, எல்லாம் நான்தான். நீங்களும் அடுத்தவனுக்கு ஊருப்பட்ட புத்தி சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து திருதிருன்னு முழிக்கிற ஆளா இருந்தா என் பாடு உங்களுக்குப் புரியும்.

போன வருஷம் எனக்கே பானிக் வந்துச்சு. திடீர்னு நெஞ்சு படபடங்கும், உள்ளங்கை வேர்க்கும், இந்தா செத்தேன்னு தோணும், கால் மணி நேரத்துல தானாப் போயிரும். அதே சமயத்துல மகளுக்கு ஒரு நல்ல வரன் கூடி வந்துச்சு. ஊருக்குச் சொன்ன உபதேசத்தையெல்லாம் சுருட்டி வச்சுட்டு நான் வாயை மூடிக்கிட்டேன். என்னால மகள் கல்யாணம் நின்னுரக் கூடாதேன்னு அம்புட்டுப் பயம். அந்தக் கதைக்குப் போகுறதுக்கு முந்தி, இந்த வேலையில நான் பட்ட மத்த அவமானங்களையும் கொஞ்சம் கேட்டுக்கோங்க.

ஐந்நூறு காலண்டர்

எங்க ஊர்ல பொட்டிக்கடைக்காரரு கூடத் தன் பேர் போட்டுக் காலண்டர் கொடுப்பாரு. நமக்கு மட்டும் என்ன குறைச்சல்னு டாக்டரம்மாவை நச்சரிச்சு ஐந்நூறு தினசரிக் காலண்டர் அடிச்சேன். மேல முருகன். கீழ சிவப்புல, தெருக்கோடியில நின்னாலும் தெரியுற மாதிரி "மனநல மருத்துவமனை". அதுக்கும் கீழ, நானே மண்டையை உடைச்சு எழுதுன வாசகம்: "மனசு சரியில்லையா? வாங்க, பேசலாம்."

வந்தவங்க எல்லாரும் சிரிச்ச முகமா வாங்கிக்கிட்டாங்க. சாயங்காலம் எதிர்த்த டீக்கடைக்காரரு ஒரு கட்டைத் தூக்கிட்டு வந்தாரு. எல்லாரும் பெஞ்சுல மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்களாம்! பஸ் ஸ்டாண்டுல ஒரு குவியல் கிடந்துச்சு. அட, என் வீட்டுலயே அது பீரோவுக்குப் பின்னால போயிருச்சு, சுவத்துல சேவுக்கடைக் காலண்டர்தான் தொங்குச்சு. பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல படவா இதை மாட்டணும்னு மனைவி கேட்டா. சுரணை உள்ளவனா இருந்தா ஒரு சண்டையாவது போட்டிருக்கணும், நான் சரின்னுட்டேன். மறு வாரம், பிரஸ்ஸுல கட்டிங் மெஷின் ஓட்டுற நம்ம பேஷண்ட் ஒருத்தர் என் மேல இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னாரு: "காலண்டர் லட்சணமாத்தான் இருக்கு சார். கீழ இருக்குற நாலு இஞ்சை மட்டும் நான் வெட்டிக் கொடுத்துர்றேன், அம்புட்டுப் பேரும் வீட்டுல மாட்டிருவாக."

பேர் வைக்காதீக

விருதுநகர்ல வத்தல் மண்டி வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி, மனைவியைக் கூட்டிட்டு வந்தாரு. அந்தம்மா நாலு மாசமாச் சரியாச் சாப்பிடலை, யாருகிட்டயும் பேசலை, அடுப்படிக்குப் போனா அழுகையா வருது. டாக்டரம்மா பாத்துட்டு மாத்திரை எழுதி, விவரம் சொல்லச் சொல்லி என்கிட்ட அனுப்புனாங்க. எனக்குத்தான் விவரம் சொல்றதுன்னா வெல்லக்கட்டியாச்சே. சுகர் மாதிரி, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய்தான் அண்ணாச்சி, டிப்ரஷன்னு பேருன்னு சொல்லிக்கிட்டே சீட்டுல கொட்டை எழுத்துல எழுதப் போனேன். அண்ணாச்சி என் பேனாவையே பிடிச்சுக்கிட்டாரு: "மாத்திரையைத் தாங்க, வேளை தவறாம நானே எடுத்துக் கொடுக்கேன். பேரு மட்டும் வைக்காதீக. பேரு வச்சா அது எங்க வீட்டுல ஒரு ஆளாயிரும்."

கை தூக்குங்க

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில விழிப்புணர்வுப் பேச்சு. சாப்பாட்டு நேரம். வேப்பமரத்து நிழல்ல அறுபது பொம்பளைங்க தூக்குவாளியைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என் செல்போனை வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க. தீபாவளி ஆர்டர் நேரம்ங்கிறதால ஃபோர்மேன் இருபதே நிமிஷம்தான்னு சொல்லிட்டு, மணியைப் பாத்துக்கிட்டே பக்கத்துல நின்னாரு.

நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "சில கேள்வி கேப்பேன், ஆமான்னா கை தூக்குங்க"ன்னு ஆரம்பிச்சேன். தூங்கி எந்திரிச்சாலும் அலுப்புத் தீர மாட்டேங்குதா? அறுபது கை. காரணமே இல்லாம எரிச்சல் வருதா? அறுபது கை. முன்னால ஆசையாச் செஞ்சதெல்லாம் இப்பப் பிடிக்க மாட்டேங்குதா? அறுபது, ஃபோர்மேன் கையும் சேத்து அறுபத்தொண்ணு. நான் கொண்டுபோன டோக்கனோ பத்து! எனக்கே லேசா வேர்த்துருச்சு. "சும்மா ஒரு நாள் ரெண்டு நாள் இருந்தா அது நோய் இல்லை, விடாம ரெண்டு வாரம் இருந்தாத்தான் யோசிக்கணும்"னு சமாளிச்சேன். திரி வைக்கிற பேச்சியம்மா, வாயில இருந்த சோத்தை முழுங்கிட்டு எந்திரிச்சு நின்னா: "ரெண்டு வாரமா? இது நோயின்னு தெரியாம இருபது வருஷமா நாங்க இதைக் குடும்பம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கோம்!"

ரகசியம் காத்த லட்சணம்

எங்க பக்கம் வரன் பாக்குறதுல ஒரு வழக்கம் இருக்கு. ஜாதகம் பாப்பாங்க, கடைத்தெருவுல விசாரிப்பாங்க, கடைசியா எங்க ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை வந்து, "இந்தப் பையன் இங்கன மருந்து எடுக்கானா?"ன்னு கேப்பாங்க. அப்படி ஒரு பொண்ணோட தாய்மாமா வந்து ஒரு பேரைச் சொன்னாரு. அந்தப் பேர்ல எங்ககிட்ட ஈ காக்கா கிடையாது. ஆனா ஒருத்தருக்கு இல்லைன்னு சொல்லிட்டா, அடுத்தவருக்கு நம்ம சும்மா இருக்குறதே ஆமான்னு ஆயிரும். அதனால யாரைப் பத்தியும் எதுவும் சொல்லக் கூடாதுங்கிறது விதி. விதி சரிதான். அதை நான் சொன்ன விதம்தான் கேடு. நோயாளி ரகசியம், சட்டம், தர்மம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு கால் மணி நேரம் முழங்குனேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, "வெளங்கிருச்சு சார்"னு கும்பிடு போட்டுட்டுப் போனாரு. என் பேச்சு எடுபட்டுருச்சுன்னு எனக்குத் தலைகால் புரியலை.

ஒரு மாசம் கழிச்சு ஒரு பையன் கண்ணு ரெண்டும் உள்ள போயி எதிர்ல வந்து உக்காந்தான். பேசி முடிச்ச சம்பந்தம் திடீர்னு நின்னு போச்சாம், அதுல இருந்து தூக்கமே இல்லையாம். பேர் என்ன தம்பின்னேன். சொன்னான். அதே பேரு. தாய்மாமா இங்கன வந்து விசாரிச்சது, நான் முழங்குனது, அவனுக்கு விஷயம் முழுக்கத் தெரியும். எனக்கு அப்படியே பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு, பேனா பேப்பர்ல ஓடலை. அவன்தான் என்னைத் தேத்துனான்: "எழுதுங்க சார், சும்மா எழுதுங்க. நீங்க எழுதுறதுக்கு முந்தியே ஊரு எழுதிருச்சு."

மதுரையில் என் பேர் மாரிமுத்து

அந்தப் பையன் முகம் மனசுல இருக்கும்போதுதான் என் முறை வந்துச்சு. வெம்பக்கோட்டை பஸ்ஸுல முதல் தடவை. இந்த அறிகுறிகளை எத்தனை பேருக்கு என் கையாலயே எழுதியிருக்கேன்! ஆனா எனக்கு வந்ததும் ஹார்ட் அட்டாக்னு கத்தி பஸ்ஸை நிறுத்திட்டேன். ஈசிஜி எடுத்துப் பாத்த டாக்டரு, இதயம் நல்லாத்தான் இருக்கு, ஒரு மனநல டாக்டரைப் பாருங்கன்னாரு. வந்துச்சே எனக்குக் கோவம்! "என்னைப் பாத்தா பைத்தியக்காரன் மாதிரியா தெரியுது?"ன்னு கேட்டுட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு பதினாலு வருஷமா மைக்கைப் பிடிச்சவன் நான்.

எங்க டாக்டரம்மாகிட்டப் போனா, அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சு, மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரிஞ்சுரும்னு பயம். வீட்டுல மீட்டிங்னு புளுகிட்டு மதுரைக்கு ஒரு டாக்டரைத் தேடிப் போனேன். டோக்கன் எழுதுறப்போ மச்சினன் பேரைக் கொடுத்தேன், மாரிமுத்து. ஹால்ல திரும்பிப் பாத்தா, எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துக்கிட்டு இருந்து பாதியில நின்ன பேப்பர் கடை அண்ணாச்சி! மருந்தை விட்டுட்டீங்களான்னு போன்ல நான் வாங்கு வாங்குன்னு வாங்குன ஆளு. மனுஷன் மருந்தை விடலை, ஊரைத்தான் மாத்தியிருக்காரு. நான் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன். "மாரிமுத்து, மாரிமுத்து"ன்னு மூணு தடவை கூப்பிட்டாங்க, எனக்கு உறைக்கவே இல்லை. அப்ப ஹால்ல ஆம்பளைங்க நாங்க ரெண்டு பேருதான் மிச்சம். அண்ணாச்சி மெதுவா என் பேப்பரை இறக்கிட்டுச் சொன்னாரு: "சார், உங்களைத்தான் கூப்பிடுறாக போல. நான் இங்கன செல்வராஜு, அதனால அது நான் இல்லை."

வைட்டமின் டப்பா

மருந்து கேட்டுச்சு, படபடப்பு குறைஞ்சுச்சு. மாத்திரையை எங்கன ஒளிக்கிறதுங்கிறதுதான் பிரச்சினை. வைட்டமின் டப்பாவுல கொட்டி வச்சேன். மாத்திரையை ஒளிக்காதீங்கன்னு தினம் பாடம் எடுக்குறவனுக்கு எப்படி ஒரு மூளை பாருங்க. என் மகள் பிரஸ்ஸுல டிசைன் பண்றவ. ரெண்டு சிவப்புக்கு நடுவுல உள்ள வித்தியாசத்துக்குச் சம்பளம் வாங்குறவகிட்ட மாத்திரை நிறம் தப்புமா? கல்யாணத்துக்கு முந்தி உடம்பு தேறணும்னு ஒரு வைட்டமின் எடுக்கப் போனவ, டப்பாவோட என் முன்னால வந்து நின்னா.

அவ அதை முழுங்கியிருந்தா? உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். அழுகையும் வந்துருச்சு. ஆனாலும் விடலை, கல்யாணம் முடியட்டும்மா, மூணு மாசம்தானே, அப்புறம் பக்குவமாச் சொல்லிக்குவோம்னு கெஞ்சுனேன். டப்பாவை என் மடியில வச்சுட்டுச் சொன்னா: "உங்களுக்கு மூணு மாசம்தான்ப்பா. மறைச்சுக் கட்டிக்கொடுத்தா, நான்ல அங்கன போயி ஆயுசுக்கும் மறைக்கணும்."

சாத்தூர் வாசல்

மகள் சொன்னது உறைச்சு, நேர்லயே சொல்லிருவோம்னு கிளம்புனேன். மாப்பிள்ளை வீடு சாத்தூர். மாப்பிள்ளையோட அப்பா பட்டாசு லோடு அனுப்புற லாரிகள் வச்சிருக்காரு. கனத்த மீசை, அதைவிடக் கனத்த குரல். காபி வந்துச்சு, குடிச்சேன். மழையைப் பத்திப் பேசுனேன், லாரி டயரைப் பத்திப் பேசுனேன். இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்லைன்னு ஆனதும், கண்ணை மூடிக்கிட்டு ஒரே மூச்சுல கொட்டிட்டேன்: "நான் மனநோய்க்கு மதுரையில மருந்து எடுக்கேன். பானிக்னு பேரு. எம்மக மேல எந்தக் குத்தமும் இல்லை. தெரிஞ்சுக்கிட்டே முடிவு பண்ணுங்க."

அவரு வீட்டுக்காரம்மா டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அவரு மீசையைத் தடவிக்கிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்"னாரு. பொண்ணு வீட்டுக்காரனுக்கு அதுக்கு அர்த்தம் தெரியாதா? முடிஞ்சுதுன்னு எந்திரிச்சேன். செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டுப் படியிறங்குனேன். மகள்கிட்டப் போயி என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டேன்.

வண்டியை எடுக்கப் போறேன், பின்னாலயே வந்தாரு. வீட்டை ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு அந்தக் குரலைப் பாதியாக் குறைச்சாரு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி அவரு லாரி ஒண்ணு லோடோட தீப்பிடிச்சிருக்கு. உசுருக்குச் சேதம் இல்லை. ஆனா அன்னையில இருந்து இவருக்கும் அதே படபடப்பு, அதே வேர்வை. வீட்டுல வாய்வுக்கோளாறுன்னு சொல்லி இஞ்சிச்சாறு குடிச்சே காலத்தை ஓட்டுறாரு! எனக்கு உடனே என் உத்தியோகம் ஞாபகம் வந்துருச்சு. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லை, நாளைக்கே எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானே கூட இருந்து பாத்துக்கிறேன்னேன். அவரு பதறிட்டாரு: "ஐயையோ, உங்க ஆஸ்பத்திரி வேண்டாம், அங்கன நம்மூரு ஆளுக உக்காந்திருப்பாக. கல்யாண ஜவுளி பாக்கப் போறோம்னு சொல்லிட்டு, நம்ம ரெண்டு பேருமா மதுரைக்கே போயிட்டு வந்துருவோம், சம்பந்தி."

ஆக, பதினாலு வருஷம் ஊர் ஊராப் போயி மைக்குல கத்துனதுல நான் வெக்கத்தை விட வச்சது ரெண்டே பேரு, நானும் என் சம்பந்தியும், அதுவும் மதுரை எல்லைக்குள்ள மட்டும்.