மெத்தை வைத்த கதவு

ஃப்ரீமேசன் சபைக்குள் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. சபையின் கதவைப் பற்றிச் சொல்லத் தடை எதுவும் இல்லை. ஆகவே கதவுக்கு வெளியே நின்ற ஒருவரைப் பற்றி எழுதினால் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

அவரை எல்லோரும் சோபாக்காரர் என்பார்கள். சோபா, கார் இருக்கை, முடிதிருத்தும் கடை நாற்காலி என்று எது கிழிந்தாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். பழைய உறையைப் பிரித்ததுமே அது எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் அந்த வீட்டில் தொலைக்காட்சி மூலையில் இருக்கிறது. முன் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சம்பந்தி அடிக்கடி வந்துபோகும் வீடு.

சபைத் தலைவரின் நாற்காலியில் ஸ்பிரிங் உடைந்தபோதுதான் அவர் முதன்முதலில் சபைக்கு வந்தார். கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது சபை. அன்று கூட்ட நாள். வெளியாள் உள்ளே வரக் கூடாது என்று நாற்காலியைப் படிக்கட்டு முகப்புக்குத் தூக்கி வந்து கொடுத்தார்கள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து தைத்தார். கதவு திறந்து மூடும் இடைவெளியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை கொஞ்சம் தெரிந்தது. அந்தக் கட்டங்கள் அவரைத் தூங்க விடவில்லை. யார் யாரையோ பார்த்து, கேட்டு, காத்திருந்து உறுப்பினரானார். அந்தச் சமயம் பார்த்து வாசற்காவலர் பதவி காலியாயிற்று. கூட்டம் நடக்கும்போது கையில் உருவிய வாளோடு கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய பதவி அது. கை உறுதியான ஆள் என்று அவரைப் போட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சேர்ந்தவரைச் சேர்ந்த சூட்டோடு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

"உள்ள என்னதான் நடக்குதுன்னு கேட்டா ரகசியம்கிறீங்க. உங்களுக்கே தெரியாததுக்கு ரகசியம்னு பேரா?" என்று மனைவி கேட்பார்.

மச்சானுக்கு வேறு சந்தேகம். சபையை ஆங்கிலத்தில் லாட்ஜ் என்பார்கள். மாதாமாதம் லாட்ஜுக்குப் போகும் மனுஷன் தங்காமல் திரும்பி வருகிறாரே என்று அக்காவிடம் தனியாக விசாரித்தார். "இவருக்கு அங்க உள்ளயே இடம் கிடையாதுடா, தங்குறது எங்க?" என்றார் அக்கா.

வாசற்காவலரின் வேலை இதுதான். கூட்டம் தொடங்குமுன் உள்ளிருந்து கதவை மூன்று முறை தட்டுவார்கள். வாசல் காவலில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக அவர் வெளியிலிருந்து அதே மாதிரி தட்ட வேண்டும். பதில் தட்டு கேட்டால்தான் சபை திறக்கும். யாராவது தாமதமாக வந்தாலும் அவர்தான் தட்டிச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் பிறகு விருந்தில் ஒவ்வொரு பதவிக்கும் வாழ்த்துச் சொல்லும்போது கடைசி வாழ்த்து அவருக்கு. அதற்குள் பாதிப் பேர் குடையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பதவியிலிருந்து இறங்குகிறவர் எழுந்து நின்று, சபைக்கு எதை விட்டுப் போகிறார், மனிதகுலத்துக்கு எதை விட்டுப் போகிறார் என்று சொல்ல வேண்டும். சபைக்கு விட்டதெல்லாம் பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்துச் சுவரோரம் நிற்கிறது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கடிகாரங்கள், உட்காரக் கூடாத நாற்காலிகள், யார் என்று தெரியாதவர்களின் படங்கள். சடங்குக்காக ஊர்வலமாகச் சுற்றி வருவதற்குக் கூட ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். மனிதகுலத்துக்கு விட்டவையும் குறைவில்லை. டிரைவிங் பள்ளி முதலாளி ஏழைகளுக்கு இலவசமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மனிதகுலம் அந்தத் தெருவில் ஒதுங்கி நடக்க ஆரம்பித்தது.

சோபாக்காரருக்கு முழங்கால் வலி வந்தது. அடுத்த தேர்தலில் வாளை ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து ஒரே கவலை.

"என் பேரு அங்க எங்கயாவது ஒரு ஓரமா இருக்கணும்" என்றார் மனைவியிடம். "இத்தனை வருஷம் வெளியவே நின்னாச்சு. பேராவது நிக்கட்டும்."

"மனுஷகுலத்துக்கு?"

"ஆஸ்பத்திரியில காத்திருக்கிற பெஞ்சுக்கெல்லாம் மெத்தை போட்டுக் கொடுக்கலாம்னு இருக்கேன்."

"அது சரி. மனுஷகுலத்தோட பின்பக்கம்தானே உங்களுக்குப் பழக்கம்."

சபைக்கு என்ன விடுவது என்பதைப் படிக்கட்டு பெருக்கும் அம்மாள் தீர்த்துவைத்தார். ஒருநாள் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது துடைப்பத்தோடு மேலே வந்தவர், வாளோடு நின்றவரைப் பார்த்து, "என்னண்ணே, விருந்துல இனிப்பு ஒண்ணா ரெண்டான்னு இன்னும் முடிவாகலையா? போன மாசத்துல இருந்து இதே சண்டையா இருக்கே" என்றார்.

சோபாக்காரர் அதிர்ந்து போனார். பழங்காலக் கதவு. பலகை மெல்லிசு. ரகசியத்துக்குக் காவல் நிற்பதாக அவர் நினைத்திருந்தார். ரகசியமோ அவரைத் தாண்டிப் படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கதவுக்கே மெத்தை தைத்துவிடுவது என்று தீர்மானித்தார். மரத்தின் மேல் முரட்டுக் கம்பளி, அதன் மேல் தேங்காய் நார், அதன் மேல் ஸ்பாஞ்ச், எல்லாவற்றுக்கும் மேலே கருஞ்சிவப்பு ரெக்சின். உள்பக்கமும் அப்படியே. கைப்பிடி கைக்கு மெத்தென்று இருக்க அதற்கும் உறை. இடுக்கில் சத்தம் கசியாமலிருக்க நிலைச்சட்டத்துக்கும் உறை. ஆணித்தலை துணியைக் கிழிக்காமலிருக்க ஆணிகளின் மேல் நாடா. எதையும் பாதியில் விடுகிற ஆள் அல்ல. கடைசியில் வெளிப்பக்கம், கண் மட்டத்தில், தன் பெயரும் பதவியும் பொறித்த பித்தளைத் தகட்டை நீளமான திருகுகளால் மரம் வரை இறக்கிப் பொருத்தினார்.

கூட்டம் இல்லாத நாளில் சபை வெறும் அறைதான், யாரும் உள்ளே போகலாம். மனைவியை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, உரக்கப் பேசச் சொல்லிச் சோதித்தார். மனைவி ரொம்ப நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து வெளியே வந்தார்.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல."

"கல்யாணம் ஆனதுல இருந்து மனசுல வச்சிருந்த அத்தனையும் சொன்னேன். ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை கூட இல்ல."

"அப்ப நல்ல கதவுதான்" என்றார் மனைவி, ஏதோ பாரம் இறங்கியவர்போல.

அடுத்த கூட்டத்தன்று எல்லோரும் கதவைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டிவிட்டு உள்ளே போனோம். சோபாக்காரர் காலையிலேயே சட்டை நுனியால் தகட்டைத் துடைத்து வைத்திருந்தார். கதவு மூடியது. அப்படி ஓர் அமைதியை அந்தப் படிக்கட்டில் அவர் கேட்டதே இல்லை. வாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அதை அனுபவித்தபடி நின்றார்.

உள்ளே உள்வாசற்காவலராக இருந்தவர் டிரைவிங் பள்ளி முதலாளி. அவர் கதவைத் தட்டினார். தலையணையில் குத்தியதுபோல் இருந்தது. பதில் வரவில்லை. மறுபடி தட்டினார். முழங்கையால் இடித்தார். கதவு எல்லாவற்றையும் அன்போடு வாங்கிக்கொண்டது.

"தூங்கிட்டாரா?" என்றார் தலைவர். அவர் மருந்துக்கடைக்காரர். "கதவைத் திறந்து பாருங்க."

"முடியாது" என்று எழுந்தார் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். எதற்கெடுத்தாலும் விதியைக் காட்டுவதால் அவருக்கு ஷரத்து என்று பெயர். "பதில் தட்டு வராம சபை திறக்காது. சபை திறக்காம, கதவைத் திறன்னு உத்தரவு போட இங்க யாருக்கும் அதிகாரம் இல்ல."

"அப்ப வீட்டுக்காவது போகலாமா?"

"சபையை மூடினதும் தாராளமா போகலாம்."

"இன்னும் திறக்கவே இல்லையே."

"அதான் சிக்கல்" என்று ஷரத்து திருப்தியோடு உட்கார்ந்தார்.

இந்த நேரத்தில் பல் மருத்துவர் படியேறி வந்தார். எப்போதும் தாமதமாக வருகிறவர். சோபாக்காரர் வணக்கம் வைத்துவிட்டு, அவர் வரவை அறிவிக்கக் கதவைத் தட்டினார். கைமுட்டி உள்ளே அமுங்கி வெளியே வந்தது.

"என்ன பிரதர், கதவுக்கு மசாஜா?"

"தட்டுறேங்க."

"பலமா தட்டுங்க."

"பலமாத்தான் தட்டுறேன். வாங்கிக்குது."

வாள்பிடியால் குத்திப் பார்த்தார். அதையும் வாங்கிக்கொண்டது.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க."

"சந்தோஷம்."

"நான் பாராட்டலை. உள்ள ஆரம்பிச்சிருக்க மாட்டாங்களே, அதைச் சொல்றேன். அவங்க தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

சோபாக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. பேச்சுச் சத்தத்தைச் சோதித்தவர் தட்டும் சத்தத்தைச் சோதிக்கவில்லை. கதவு தட்டுவதற்கென்றே பதவியில் இருக்கும் மனிதர், தட்ட முடியாத கதவைத் தன் கையாலேயே செய்து நிறுத்தியிருக்கிறார். கைப்பிடியைத் திருப்பிவிடலாமா என்று கை போயிற்று. உள்ளேயிருந்து சொல்லாமல் வாசற்காவலர் கதவைத் திறந்தார் என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டார்.

"எந்தப் பல்லுல கோளாறுன்னு தெரியலைன்னா ஒவ்வொண்ணா தட்டிப் பாப்போம்" என்றார் மருத்துவர். "கெட்டியா ஒரு இடமாவது விட்டிருப்பீங்க. தேடுவோம்."

இருவரும் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார்கள். ஓரம் மெத்தை. சட்டம் மெத்தை. கைப்பிடி மெத்தை. மருத்துவரின் பார்வை கண் மட்டத்தில் போய் நின்றது.

"அது வேண்டாம்" என்றார் சோபாக்காரர்.

"ஏன்?"

"அது என் பேரு."

"அது பித்தளைங்க."

சோபாக்காரர் தகட்டைப் பார்த்தார், வாள்பிடியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரால் சபை ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை. பெயரைக் காப்பாற்றினால் இன்றைக்கு அது நடக்கும். பிறகு அந்தப் பெயரைப் படிக்கிறவர்களெல்லாம் சபை திறக்காத நாளைத்தான் நினைப்பார்கள். வாளைத் திருப்பிப் பிடித்து, தன் பெயரின் முதல் எழுத்தின் மேலேயே ஓங்கித் தட்டினார். மூன்று முறை.

உள்ளே எங்களுக்கு நன்றாகக் கேட்டது. மணி மாதிரி இருந்தது.

"பதில் வந்தாச்சு" என்றார் தலைவர்.

எல்லோரும் ஷரத்தைப் பார்த்தோம். அவர் கொஞ்சம் யோசித்தார். "தாமதமா வந்தாலும் பதில் பதில்தான். திறக்கலாம்."

கூட்டம் முடிந்து வெளியே வந்து எல்லோரும் தகட்டைச் சுற்றி நின்றோம். முதல் எழுத்து சப்பையாகி இரண்டாவதோடு ஒட்டியிருந்தது.

"கார் பாடி மாதிரிதான். தட்டிச் சரி பண்ணிடலாம்" என்றார் டிரைவிங் பள்ளி முதலாளி.

"தட்டித்தான் இப்படி ஆச்சு" என்றார் சோபாக்காரர்.

மறுநாள் மெத்தையைப் பிரித்துவிடுவதாக, ஆணி பிடுங்கும் குறடும் கையுமாகக் கிளம்பினார். மனைவி வழியை மறித்தார். "என் வாயையே அடக்கின கதவு அது. அதைப் பிரிச்சா அப்புறம் நான் எங்க போய்ப் பேசுறது?"

கதவு தப்பியது. உள்பக்கம் தட்டுவதற்கு, ஒருநாளும் ஓடாத கடிகாரம் ஒன்றின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பொருத்தினோம். கொடுத்தவர் காலமாகிவிட்டதால் மறுப்பு வரவில்லை. வெளிப்பக்கம் தகட்டில்தான் தட்ட வேண்டும் என்று ஷரத்து விதியாகவே ஆக்கிவிட்டார். தகட்டில் எழுத்து வெட்டிக் கொடுத்த கடைக்காரர் அதைப் பார்த்துப் பதறி, இன்னும் ஆழமாக வெட்டித் தருகிறேன் என்றார்.

"வேண்டாம்" என்றார் சோபாக்காரர். "ஆழமா வெட்டினா சத்தம் கம்மியாயிடும்."

வாளை ஒப்படைத்த நாளில் வழக்கப்படி எழுந்து நின்றார். சபைக்கு என்ன விட்டீர்கள் என்று தலைவர் கேட்டதற்கு, "கதவு" என்றார். மனிதகுலத்துக்கு?

"ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு மெத்தை போட்டிருக்கேன். உக்கார சுகமா இருக்கும். டாக்டர் சீக்கிரம் வர்றதுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அந்த நேரம் கதவு திறந்து பல் மருத்துவர் உள்ளே வந்தார். எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

இப்போது சோபாக்காரர் உள்ளே, கட்டம் போட்ட தரையின் ஓரத்தில் உட்கார்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று கடைசியில் பார்த்துவிட்டார். முக்கால்வாசி நேரம் இனிப்பு பற்றித்தான்.

தகட்டில் பெயர் இல்லை. முதலில் பெயர் போயிற்று, பிறகு பதவி போயிற்று. நடுவில் குழி விழுந்து, அது மட்டும் பளபளவென்று மின்னுகிறது. போன மாதம் புதிதாகச் சேர வந்தவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க எழுதியிருந்துச்சு?" என்று புதிய வாசற்காவலரைக் கேட்டார்.

"எழுதியெல்லாம் இல்லீங்க. இது தட்டுற இடம்."

பின்னாலேயே படியேறி வந்துகொண்டிருந்த சோபாக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார். தகட்டைப் பார்த்தார், சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தார்.

"நடுவுல தட்டுங்க தம்பி, ஓரத்துல சத்தம் சரியா வராது" என்றார் காவலரிடம். "கொஞ்சம் பலமாவே தட்டுங்க. ஷரத்துக்கு இப்ப காது மந்தம்."