ஆறு தறிகளையும் ஓடவிட்டேன்

என் தம்பியின் மனத்தை உடைத்தவன் நான்தான்! திடீரென்று வந்த நோய் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டையில், வீட்டை ஒட்டியே எங்கள் விசைத்தறிக் கூடம். வேலையாள் நின்றுபோன பிறகு, தம்பி ரவி ஒருவனே ஆறு தறிகளையும் இரவு பகலாகப் பார்த்தான். வேறு ஆள் தேட எனக்குச் சோம்பல். அவன்தான் முகம் சுளிக்கவே மாட்டானே...

முதலில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தான். அறுபடாத நூலை அறுந்ததாக நினைத்துத் தறியை நிறுத்தி, இழை இழையாகத் தேடினான். நான் என்ன செய்தேன்? கவனம் போதாதென்று திட்டினேன்!

ஒருநாள் மதியம் கரண்ட் போனது. தெருவே அமைதியானது. ரவி மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, அந்தத் தறிய நிறுத்தச் சொல்லுங்களேன்... தலைக்குள்ள ஓடுது."

வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம். தமிழ் வெளியாட்களுக்கு. கூடப்பிறந்த என்னிடம், கடைத்தெருவில் யாரிடமோ கேட்பதுபோல் தமிழில் கேட்டான்.

பக்கத்து வீட்டு நர்ஸ் செல்வி அதைக் கேட்டுவிட்டாள். "அண்ணே, தள்ளிப் போடாதீக. நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

எனக்குப் புரியாமலா இருந்தது? புரிந்தது! ஆனால் வெள்ளிக்கிழமை என் மகளைப் பெண் பார்க்கத் திருச்சுழியிலிருந்து வருகிறார்கள். மனநல மருத்துவரிடம் போவதை யாராவது பார்த்துவிட்டால்...?

"வெள்ளிக்கிழமை கழியட்டும்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவன் கத்தத் தொடங்கினான். வருகிறவர்கள் காதில் விழக் கூடாதென்று அவனைத் தறிக்கூடத்துக்குள் தள்ளினேன். அந்தச் சத்தம்தான் அவனைத் தின்கிறது என்று தெரிந்தே... ஆறு தறிகளையும் ஓடவிட்டேன்! கதவைப் பூட்டினேன்.

பெண் பார்க்க வரும் நாளில் தறியை நிறுத்துவது எங்கள் வழக்கம். அன்று ஓடிய சத்தத்தைக் கேட்ட மாப்பிள்ளையின் தகப்பனார், நல்ல நாளிலும் ஓயாத உழைப்பாளிக் குடும்பம் என்று மெச்சினார். நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனே!

மூன்று மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். முழங்கால்களுக்குள் தலையைப் புதைத்து மூலையில் உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. அதன்பின் ஐந்து மாதம் ஒரு சொல்லும் பேசவில்லை.

இப்போது மகள் திருச்சுழியில் நன்றாக இருக்கிறாள். ரவியும் மதுரையில் வைத்தியம் பார்த்துத் தேறிவிட்டான். தூங்குகிறான். செல்வியிடம் சிரித்துப் பேசுகிறான். மகளிடம் போனில் தெலுங்கில் கதை அளக்கிறான். நோய் தீர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர்.

தீர்ந்திருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை...

நேற்றும் சோற்றுத் தட்டை அவன் முன் வைத்து, தெலுங்கில் சாப்பிடச் சொன்னேன். அவன் நிமிரவில்லை.

"வச்சுட்டுப் போங்க, அண்ணாச்சி."