உங்கட மண் முழுக்கப் புழு

ஒரு துண்டு மண்ணைக் கொன்றவள் நான். ஒற்றைச் சொல்லால் கொன்றேன். இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை, நீங்கள்தான் முதல்.

சிரிக்காதீர்கள்! மண்ணுக்கும் உயிருண்டு என்று மேடையில் பேசுகிறவள் அல்ல நான். எண்ணிப் பார்த்தவள்...

போர் முடிந்து, மீள்குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகள். பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக நானாட்டான் பக்கம் வயல் வயலாக மண் அள்ளித் திரிந்தேன். எந்தப் பயிரின் அடியில் எத்தனை வகை நூற்புழுக்கள்? அதுதான் என் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத, நூல் போன்ற உயிர்கள். மண்ணைத் துணியில் கட்டி, நீர் நிரப்பிய புனலில் வைத்தால் மறுநாள் புழுக்கள் அடியில் இறங்கியிருக்கும்.

நெல்வயலில் சில வகைகள். மிளகாய் மட்டும் நட்ட தோட்டத்திலும் அவ்வளவுதான். செல்லத்துரை அண்ணையின் துண்டுக் காணியில்... அடடா! முகாமிலிருந்து திரும்பியவர், கிடைத்த விதையெல்லாம் கலந்து ஊன்றியிருந்தார். கத்தரி, கச்சான் கடலை, பயறு. நுணுக்குக்காட்டியில் வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை! வேரைத் தின்பவை கொஞ்சம். அவற்றைத் தின்று அடக்கி வைப்பவை ஏராளம். எண்ண எண்ணப் புது வகை!

சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டுதரம் கழன்றது. படலையைத் தள்ளிய கையோடு கத்தினேன்.

“அண்ணை, உங்கட மண் முழுக்கப் புழு!”

மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். “முழுக்கவோ பிள்ளை?”

“ஓம்! இந்தப் பக்கத்திலயே உங்கட காணியிலதான் கூட!”

நான் பாராட்டினேன். கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவை மட்டுமே அறிந்த மனிதருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? நல்ல புழு என்று ஒரு சொல் சேர்த்திருக்கக் கூடாதா? அவர் முகம் சுண்டியதை வெயிலென்று நினைத்து, அடுத்த வயலுக்கு ஓடிவிட்டேன்.

இரண்டாவது முறை மண் எடுக்கப் போனபோது படலையிலேயே புழு மருந்து நாறியது. கடையில் சொன்ன அளவைப்போல் இருமடங்கு போட்டு, கொத்திப் புரட்டி, தண்ணீரும் விட்டிருந்தார். ஒரு பை தேசிக்காயோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

“நல்ல காலம் பிள்ளை, நீங்கள் சொன்னீங்கள். ஒண்டையும் மிச்சம் விடேல்லை.”

அப்போது வாயைத் திறந்திருக்கலாம்! ஏன் திறக்கவில்லை? அவர் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம்... அவ்வளவுதான். நல்லது அண்ணை என்றேன். தேசிக்காயையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் புனலின் அடியில் வெறும் தண்ணீர். அந்த மண்ணைக் கொட்டிவிட்டு, முதல் எண்ணிக்கையை மட்டும் ஆய்வில் எழுதினேன். பேராசிரியர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு, இன்னும் இருக்கிறது!

அடுத்த போகத்தில் வேரைத் தின்பவை மட்டும் திரும்பின, அடக்குவதற்கு ஒன்றுமில்லை. வாடிய கத்தரியைப் பிடுங்கி, வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருப்பதைக் காட்டினார். திரும்பவும் மருந்து போடவோ என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் பழையதையும் சொல்ல வேண்டுமே... போடுங்கோ என்றேன்.

இப்போது நான் விவசாயக் கந்தோரில் அலுவலராகக் கதிரை போட்டு இருப்பவள். அவர் ஒவ்வொரு போகமும் போடுகிறார். போன கிழமையும் தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, இந்தமுறை எவ்வளவு போடட்டும்?”

அளவைச் சொன்னேன்.