‘இல்ல’ என்ற ஒரே சொல்லும், நான் எழுதின பக்கமும்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. முழுசாப் போச்சுன்னு சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல்லு மட்டும் வாயில நின்னுச்சு. ‘இல்ல.’

இங்க வந்திருக்கிற பேகம்பூர் பக்கத்துச் சகோதரிகள் பல பேருக்கு அவரைத் தெரியும். சிக்கந்தர் மாஸ்டர். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குறவர். தேக்சா அண்டா பக்கத்துல நின்னு ஒரு குரல் குடுத்தா பந்தலோட கடைசிவரைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு வியாழக்கிழமை காலையில பல் விளக்கிக்கிட்டு இருந்தவர், அப்படியே சரிஞ்சு விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துருச்சு. பேச்சும் அதோட போச்சு.

“நீங்க பேசுறது அவருக்குப் புரியும்மா. சொல்ல நினைக்கிறதும் சரியா இருக்கும். வாய்க்கு வர்றப்ப வேற சொல்லு வந்துரும்”னு டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எம்புட்டுப் பெரிய சோதனைன்னு தெரிஞ்சது.

“டீ வேணுமாங்க?”

“இல்ல.”

சரின்னு டம்ளரை எடுத்துட்டுத் திரும்பினா இடது கையால கட்டிலை அடிப்பார். வேணும்னுதான் சொல்ல வந்திருக்கார். தலையை ஆட்டச் சொன்னா அதுவும் மாறி மாறி வந்துச்சு. பேனாவைக் குடுத்தா கோடுதான் வந்துச்சு. என் மாமி, அதாவது அவரைப் பெத்த தாயி, ஒரு மூலையில உக்காந்து முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டே இருப்பாங்க.

எனக்குப் பொறுமை அத்துப்போச்சு. உண்மையச் சொல்றேன், அவர் மேல கத்தியிருக்கேன். கத்திட்டு, தொழுற முசல்லாவை விரிச்சு அழுதிருக்கேன். “யா அல்லாஹ், அவருக்குப் பேச்சைக் குடுன்னு கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்ல. அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்குக் காட்டு. அது போதும்.” இதுதான் என் துஆ. மாசக்கணக்கா இதையேதான் கேட்டேன்.

போன்ல படத்தைத் தொட்டாப் பேசுற ஆப் ஒண்ணை இறக்கிப் பார்த்தோம். “எனக்குத் தேநீர் வேண்டும்”னு ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு. அவர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். அது அவர் பேச்சே இல்ல.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் சென்டர்ல வெப் பக்கம் செய்யப் படிச்சிருந்தேன். படம், எழுத்து, கலர் எல்லாம் வைக்கத் தெரியும். ஒன்பது படம் வச்சு ஒரு பக்கம் செஞ்சேன். தண்ணி, டீ, சோறு, பாத்ரூம், ஃபேன்னு போய், கடைசியா தொழுகை. ஆனா தொட்டா ஒண்ணும் நடக்காது. சும்மா ஒட்டின படம் மாதிரி இருக்கும். தொட்டதும் பேச வைக்கணும்னா ஜாவாஸ்கிரிப்ட் தெரியணும். எனக்குத் தெரியாது.

மத்தியானம் லுஹர் தொழுதுட்டு, அவர் தூங்குற நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவேன். வீடியோ பார்ப்பேன், எழுதுவேன், அழிப்பேன். “பொட்டி முன்னாடி என்னத்தம்மா தட்டிக்கிட்டே இருக்கே? அவன்கூட செத்த நேரம் உக்காரக் கூடாதா?”ன்னு மாமி கேட்டாங்க.

குரலுக்கு என் கொழுந்தன் பஷீரைக் கேட்டேன். அண்ணன் தம்பிக்கு ஒரே குரல். வத்தலக்குண்டுல இருந்து ஒவ்வொண்ணாப் பேசி அனுப்பினார். “ஷமீமா, டீ கொண்டா.” அதுல என் பேரைக் கேட்டதும் என் வீட்டுக்காரரே கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

எல்லாம் சேர்த்து ஒருநாள் சாயந்திரம் அவர் முன்னாடி வச்சேன். டீயைத் தொட்டார். “தொழணும்”னு சொல்லுச்சு. தண்ணியைத் தொட்டார். “தொழணும்.” பாத்ரூம் படத்தைத் தொட்டார். அதுக்கும் “தொழணும்.”

அவர் என்னைப் பார்த்தார். பாதி வாய் கோணிக்கிட்டு, உடம்பு குலுங்கி, சிரிச்சார். விழுந்ததுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சார். மாமி ஓடி வந்தாங்க. நாங்க மூணு பேரும் அழுதுக்கிட்டே சிரிச்சோம்.

அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க மூணு நாள் ஆச்சு. நாலாவது நாள் விடிகாலை ஃபஜ்ர் தொழுகையில நெத்தியைத் தரையில வச்சுக் கேட்டேன், “ரப்பே, எனக்கு விளங்க வை.” தொழுது முடிச்சு வரியைத் திரும்பப் படிச்சேன். பட்டுன்னு புரிஞ்சது. ஒவ்வொரு படத்துக்கும் குரலைத் தனித்தனி டப்பாவுல வைக்காம, ஒரே டப்பாவை எல்லாத்துக்கும் வச்சு மாத்திக்கிட்டே வந்திருக்கேன். கடைசியா விழுந்த குரலே எல்லாத்துக்கும் நின்னுருச்சு. ஒரே ஒரு சொல்லை மாத்தினேன். ஜாவாஸ்கிரிப்ட்ல ‘வேர்’னு (var) இருந்த இடத்துல ‘லெட்’னு (let) போட்டேன். அம்புட்டுத்தான். டீ டீயாச்சு, தண்ணி தண்ணியாச்சு.

இதோட நின்னிருந்தா நான் உங்க முன்னாடி வந்து பேசியிருக்க மாட்டேன்.

பிசியோதெரபிக்கு ஒரு அக்கா வருவாங்க. கொஞ்ச நாளா காலைத் தொட்டாலே அவர் அவங்களைத் தள்ளி விட்டார். “வலிக்குதாங்க?”ன்னு கேட்டேன். “இல்ல”ன்னார். “அப்ப எதுக்கு இப்படி முரண்டு பிடிக்கிறீங்க?”ன்னு அந்தம்மா முன்னாடியே சத்தம் போட்டேன். அவர் கண்ணுல தண்ணி வந்துச்சு. எனக்கு இருப்புக் கொள்ளலை. அந்த வாரமே இன்னொரு பக்கம் செஞ்சேன். மனுஷ உடம்புப் படம். எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த இடம் சிவப்பாகும், அங்க வலிக்குதுன்னு பஷீர் குரல் சொல்லும்.

திறந்து வச்சதும் அவர் விரல் நேரா வலது கெண்டைக்காலுக்குப் போச்சு.

“கெண்டைக்கால்ல வலிக்குது.”

மறுபடியும் தொட்டார். மறுபடியும். விடாமத் தொட்டார். கைலியை விலக்கிப் பார்த்தேன். கால் வீங்கி விறைச்சு, தொட்டாச் சுட்டுச்சு. வாதம் வந்த காலுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு இத்தனை நாளும் விட்டிருக்கேன்.

உடனே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன்ல ரத்தக்கட்டின்னு வந்துச்சு. “இது மேல ஏறி நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்தும்மா. பேச முடியாதவருக்கு வலின்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?”ன்னு டாக்டர் கேட்டார்.

“அவரேதான் சொன்னார், டாக்டர்.”

அவர் மனசுல இருக்கிறதைக் காட்டுன்னு கேட்டேன். அல்லாஹ் அவர் உயிரையே காப்பாத்திக் குடுத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

மருந்துல கட்டி கரைஞ்சது. இப்ப ஊன்றுகோல் புடிச்சு நடை பழகுறார். பேச்சுப் பயிற்சியும் நடக்குது. ‘ஷமீ’ன்னு பாதிப் பேரு வருது. நான் அவர் மேல சத்தம் போட்டதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். இடது கையால என் தலையைத் தடவிக் குடுத்தார்.

சின்னாளப்பட்டியில தறி ஓட்டுற ஒரு அண்ணன், பிறவியிலேயே பேச்சு வராத தன் மகளுக்கும் இப்படி ஒரு பக்கம் வேணும்னு கேட்டு வந்தார். அவளோட அம்மா குரல்ல செஞ்சு குடுத்தேன். அந்தப் புள்ளை முதல்ல சைகை காட்டிக் கேட்ட படம் என்ன தெரியுமா? “தம்பி என் பொம்மையைத் தொடக் கூடாது.” அன்னையில இருந்து யார் கேட்டாலும் செஞ்சு குடுக்கிறேன். தெரியாததை இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

சகோதரிகளே, கேளுங்க. சின்ன துஆதானேன்னு கேட்காம இருந்துராதீங்க. கேட்டுட்டு, உங்க கையால ஆகுற வேலையில உக்காருங்க. அவன் கை விட மாட்டான். உங்க வீட்டுல பேச முடியாம யாராவது உக்காந்திருந்தா, அவங்க சொல்ல நினைக்கிறதைக் கேட்க எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. வாசல்ல உங்களைப் பார்த்ததும் சிக்கந்தர் மாஸ்டரே ஒரு படத்தைத் தொட்டு, “வாங்க, வாங்க, உக்காருங்க”ன்னு கூப்பிடுவார்.