நாற்பதாம் எண் குப்பி

அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவள் புருஷனைத் திட்டிவிட்டுத்தான் எழுத முடியும். கண்ணாடி வெட்டுகிறவன். ஒரு கீறல் பிசகாது என்று கடைத்தெருவில் நல்ல பேர். ஆறடிக் கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி தூக்குவான். பெண்டாட்டியிடம்தான் அந்தக் கைக்குக் கணக்கு வழக்கே கிடையாது.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் என் பொறுப்பு. அவள் வீடுவீடாகப் போய் மாதிரி வாங்கி வருபவள். தோளில் நீலக் குளிர்பெட்டி தொங்கிக்கொண்டே இருக்கும், அதனால் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள்.

கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே போய் ஒட்டி வளர்கிற நோய் ஒன்று உண்டு. மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசியும். குடலும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை 'உனக்கு ஒண்ணுமில்லம்மா' என்று கேட்டே பலருக்குப் பாதி ஆயுசு போய்விடும். கத்தி படாமல், கழுவிக் கொட்டுகிற மாதவிடாய் ரத்தத்திலேயே இதற்கு ஒரு அடையாளம் கிடைக்காதா என்று தேடினார் எங்கள் டாக்டரம்மா. ஒரு புரதம் அகப்பட்ட மாதிரி இருந்தது. நோய் உறுதியான நாற்பது பேர், நோயில்லாத நாற்பது பேர், இரு தரப்பின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நோயாளிகள் கேட்டதுமே கொடுத்தார்கள். நல்லா இருக்கிற பெண்களிடம் கேட்கப் போனால்தான் வினை. ஒரு வீட்டில் வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார்கள். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அவள் கெண்டைக்காலில் இன்னும் நாலு பல் பதிந்த தழும்பு இருக்கிறது. அப்படியும் முப்பத்தொன்பது பேரைச் சேர்த்துவிட்டாள். கடைசி ஆள்தான் கிடைக்கவேயில்லை.

"நானே குடுத்துர்றேன் அக்கா. எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே," என்றாள்.

படிவத்தில் ஒரு கேள்வி. மாதவிடாய் வலி: இல்லை, சாதாரணம், அதிகம். அதிகம் என்றால் நோயில்லாதவர் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவள் யோசிக்காமல் 'சாதாரணம்' என்பதில் டிக் போட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மாதத்தில் மூன்று நாள் அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுப்பதையும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும் பார்த்தவள்தான். தூங்கமூஞ்சி என்று கேலி வேறு செய்திருக்கிறேன். என் வாயை என்ன சொல்ல.

மாதிரி எடுத்த அன்று ஆய்வகம் மதியம்தான் திறக்கும் என்பதால் குப்பியை உறையில் சுற்றி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போன புருஷன் கையில் அது அகப்பட்டது. பிரித்துப் பார்த்தான்.

"சோறு வெக்கிற எடத்துல இந்த அசிங்கத்தையா வெக்கிற?"

குப்பி அவள் புருவத்தில் பட்டு உடைந்தது. கீழே விழுந்தவளை அடிவயிற்றில் உதைத்தான். வலியில் சுருண்டு படுக்கிற நாளெல்லாம் அவளுக்கு உதை விழுகிற நாள். "மாசாமாசம் நாடகம் போடுறா, எழுப்புடா அவளை," என்று எடுத்துக்கொடுக்க மாமியார் பக்கத்திலேயே இருந்தாள்.

மறுநாள் புருவத்தில் மூன்று தையலோடு வந்தாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன்." இங்கே வருகிற பெண்களில் கதவில் இடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். எங்கள் ஊர்க் கதவுகளுக்குத்தான் எவ்வளவு கோபம்.

அடுத்த மாதம் இன்னொரு குப்பி கொண்டுவந்தாள். நாற்பது என்று நான்தான் எண் ஒட்டினேன்.

முடிவு வந்த காலையில் டாக்டரம்மா ஃபைலை மேசைமேல் ஓங்கி அறைந்ததில் பேனா கீழே உருண்டது. நோயில்லாதவர்களில் நாற்பதாம் எண்ணில் மட்டும் அந்தப் புரதம் எகிறியிருந்தது. எண்பது பேரிலும் அதுதான் அதிகம்.

"குப்பியை மாத்திட்டீங்க. நாலு வருஷ உழைப்பு. இந்த எண்ணை அடிச்சுத் தூக்கிப் போடுறேன். நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

அவள் குளிர்பெட்டியின் வாரைப் பிடித்தபடி நின்றாள். வேலை போனால் அந்த வீட்டுக்குள் இருபத்திநாலு மணி நேரமும் இருக்க வேண்டும்.

"மாத்தலீங்க. அது என்னுதுதான்."

"வலி சாதாரணம்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமாங்க, எப்பவும் போலத்தான் இருந்துச்சு. வாந்தி வரும், கண்ணு இருட்டும். அடிவயித்துல ஓங்கி உதைச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

டாக்டரம்மா குரல் இறங்கிவிட்டது. "உதைச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உதை பரவாயில்லீங்க. சீக்கிரம் அடங்கிரும்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவளுக்கோ தனக்கு வந்தும் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக இருப்பது சாதாரணம் இல்லாமல் வேறென்ன என்று நினைத்திருக்கிறாள்.

"இந்தப் புரதத்தை நம்பி இப்ப எதையும் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "திறந்து பாத்தாத்தான் உறுதி. ஆனா பாத்துரணும்." நாற்பதாம் எண் அடிபடாமல் நின்றது, அவள் வேலையும்தான்.

ஆபரேஷன் காலை அவன் வந்தான். ஆய்வக வாசலில் எல்லோருக்கும் முன்னால் அவள் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்தான். "நடிக்கிறவளுக்கு ஆபரேஷன் ஒரு கேடா?" அவள் தலை கதவு நிலையில் மோதியது. இந்த முறை நிஜமாகவே கதவு. புருவத் தழும்பு பிரிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. காவலாளி பார்த்துக்கொண்டே நின்றான்.

நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. கைக்கு அகப்பட்டது அவளுடைய குளிர்பெட்டி. உள்ளே ஐஸ் நிறைய இருந்தது. ஓங்கி அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் உட்கார்ந்ததும் தோளில் இன்னொன்று போட்டேன். அது தேவையில்லைதான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். போலீசில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். வழக்கு நடக்கிறது, இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வருத்தமில்லை.

அவள் வயிற்றைத் திறந்தவர்கள் நாலு மணி நேரம் வெளியே வரவில்லை. இடது சினைப்பை குடலோடு ஒட்டி, பிரிக்க முடியாமல் கிடந்ததாம். அதை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நடிப்பு இல்லதானே அக்கா?"

நான் அழுதுவிட்டேன்.

இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள். பெட்டியும் பழையபடி தோளேறிவிட்டது, ஒரு மூலை மட்டும் நசுங்கியிருக்கிறது. டாக்டரம்மா படிவத்திலிருந்து 'சாதாரணம்' என்ற சொல்லை எடுத்துவிட்டார். வலி வந்தால் படுப்பீர்களா, வாந்தி வருமா, வேலை நின்றுபோகுமா என்று கேட்கிற புதுப் படிவம். நோயில்லாதவர்கள் என்று நாங்கள் எழுதிவைத்த மிச்ச முப்பத்தொன்பது பேரிடமும் மறுபடி கேட்கச் சொல்லி அவளைத்தான் அனுப்பினார். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் அவளே பேனாவால் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டு போனாள்: வலி என்று படுத்ததற்கு அடி வாங்கியிருக்கிறீர்களா?

பதினொரு பேர் ஆமாம் என்று டிக் போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: சாதாரணமாத்தான்.