எஸ்தரக்கா ஒதுங்கி நின்ற வாசல்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. எங்கள் சுகாதார நிலையத்தில் அன்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களின் நாள். மருந்து ஜன்னலுக்கு வெளியே வரிசை கேட் வரை நின்றது. தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தரக்காவின் தம்பி போனில் பேசினார். "அக்கா இப்பத்தான் போனாங்க" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டு, கடைசி ஆள் வரை மாத்திரை கொடுத்து முடித்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து அழுதேன்.

அரூர் கல்லறைத் தோட்டத்தில் நான் தள்ளியே நின்றதை உங்களில் பலர் பார்த்தீர்கள். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் ஒரு பிடி மண் போடக்கூட முன்னால் வரவில்லையே என்று சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள முடியாமலே போனதால், அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

நான் மருந்தாளுநராகப் பென்னாகரம் பக்கம் மாற்றலாகி வந்தபோது, அக்கா அங்கே கிராம செவிலியர். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. எனக்கும் ஆள் கிடையாது. தன்னோடு வந்து இருக்கச் சொன்னார். முதல் நாள் மாலை வீட்டைத் திறந்தவர், கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்று, "உள்ள வாங்க" என்றார். நான் பையோடு உள்ளே போனேன். மறுநாளும் அப்படித்தான். வயதில் பெரியவர் இவ்வளவு மரியாதை கொடுக்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து, பின்னாலேயே வந்த வீட்டுக்காரம்மாள்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: அது உனக்கில்லை, அவங்க ஏசப்பாவைக் கூப்பிடறாங்க, நீ தினமும் அவருக்கு முன்னாடி பூந்துக்கற. அக்கா சிரிக்கவில்லை. "இருக்கட்டும், புள்ள ட்யூட்டி முடிச்சுக் களைச்சு வருது. அவரு பின்னாடியே வருவாரு" என்றார்.

அதற்குப் பிறகு நான் காத்திருக்கப் பழகினேன். மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறேன். கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்தவர் தோளில் பாரத்தோடு காத்திருக்க, நான் பல்லைக் கடித்திருக்கிறேன். உள்ளே போனதும் கூப்பிட்டால் ஆகாதா என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "தொறக்கறப்பவே கூப்பிடணும் கண்ணு. உள்ள போயிட்டா அடுப்பு, துணி, போனுன்னு வேல புடிச்சுக்கும். வாசல்லயே அவர வுட்டுட்டு மறந்துருவோம்" என்றார். களி கிண்டும்போதும் ஏசப்பாவோடுதான் பேச்சு: எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு இரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போட விடமாட்டேன் என்கிறார்கள் என்று.

நான் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். அம்மா சாகக் கிடந்தபோது ஜெபித்துப் பார்த்து, பலிக்காமல் விட்டவள். இது அக்காவுக்குத் தெரியும். ஒருநாளும் என்னைச் சர்ச்சுக்கு வா என்று வற்புறுத்தியதில்லை.

போன மாதம் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதுதான் முதன்முதலாக ஒன்று கேட்டார். "நான் வர்ற வரைக்கும் சாயங்காலம் நீ கூப்பிடு கண்ணு. விட்டுப்போயிரக் கூடாது" என்றார். சரிக்கா என்றேன். யாரும் இல்லாத வாசலில் நின்று கூப்பிட எனக்கு வெட்கம். பூட்டைத் திறப்பேன், நுழைவேன், தாழ்ப்பாள் போடுவேன். ஞாயிறுதோறும் பார்க்கப் போகும்போது, கூப்பிட்டாயா என்பார். கூப்பிட்டேங்கா என்பேன்.

மூன்றாவது ஞாயிறு, வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: ஏசப்பா உள்ளே வந்தது என்றைக்காவது உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா? அக்கா படுக்கையில் என் பக்கம் திரும்பினார்.

"எங்க வூட்டுக்காரரு போனதுலேர்ந்து கூப்பிடறேன். இருவது வருசமாச்சு. ஒரு நாளும் ஒரு சத்தம் கேட்டதில்ல கண்ணு. பல நாளு வூடு வெறிச்சுன்னுதான் இருந்துச்சு. கூப்பிடறது என் பங்கு. அத நான் வுடல."

ஏசப்பா அக்காவுக்குத் தினமும் பதில் சொல்கிறார் என்று நினைத்து, நான் அக்காமேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவரும் என்னைப் போலவே அமைதியான வீட்டுக்குள்தான் நுழைந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அன்று அவருக்குச் சுயநினைவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன். அதற்கடுத்த செவ்வாய்தான் அந்தப் போன் வந்தது.

அவருடைய வேதப்புத்தகத்தைத் தம்பி எடுத்துக்கொண்டார். புடவைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. என்னிடம் இருப்பது அவருடைய வீட்டுச் சாவியும், அவர் விடாமல் செய்த அந்த ஒரு வேலையும்தான்.

அடக்கம் முடிந்து வந்த மாலை, அந்தச் சாவியால் கதவைத் திறந்தேன். ஒதுங்கி நின்றேன். "உள்ள வாங்க" என்றேன். எதிர்வீட்டு டிவி சத்தம்தான் கேட்டது. உள்ளே இருட்டு, காலையில் கழுவாமல் விட்ட டம்ளர், அக்காவின் செருப்பு. யாரும் வந்ததாகத் தெரியவில்லை. மறுநாளும் நின்றேன். நேற்றும் நின்றேன்.

அக்கா, இன்றைக்கும் கூப்பிட்டேன். இது நிஜம்.